கூடாரத்தில் ஒரு படுக்கை

சென்ற டிசம்பரில் கோடைக்கானலில் நடந்த சாரணியர் முகாமுக்குக் காற்றுமெத்தை ஒன்றைக் கொண்டு சென்றேன். நண்பகல் வெயிலில் கல்போல் விறைக்கும்வரை காற்றடித்தேன். நள்ளிரவிலோ இடுப்பு தரையில் இடித்தது! "மாலையில் நீ குதித்ததால்தான் ஓட்டை விழுந்தது" என்று, என்னுடன் படுத்திருந்த ஆறாம் வகுப்புத் தங்கையைக் கடிந்துகொண்டேன். அவள் அழுதேவிட்டாள்.

காலை வெயில் ஏறியதும் மெத்தை தானாகவே உப்பி நின்றது. ஓட்டையாவது, ஒன்றாவது! எல்லாம் நாம் படிக்கும் சார்லஸ் விதிதான். 25 டிகிரியில் அடைத்த காற்று 8 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்கும். ஆகவே படுக்குமுன் மீண்டும் சிறிது காற்றடிக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு சற்றே அமிழலாம், தரையைத் தொடக்கூடாது. வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். சிறு பம்பே நல்லது.

குளிரைத் தாங்குவது வேறு கதை. வெறும் மெத்தைக்குள் காற்று சுழன்று சுழன்று நம் உடற்சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிடும். புதிதாக வாங்குவோர் உள்ளே நுரைப்பஞ்சு வைத்ததைப் பார்த்து வாங்குங்கள். பஞ்சு காற்றை அசையவிடாது. அது இல்லையேல், மெத்தைமேல் ஒரு கம்பளியை விரியுங்கள்.

மறுநாள் இரவு என் கம்பளியை விரித்து, அவளுடையதை இருவரும் போர்த்திக்கொண்டோம். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அதற்குள் அவள் தூங்கிப் போயிருந்தாள்.