பனிமலையில் பத்திரமாக இருக்கும் துவரை, ஊத்தங்கரைக்கு எப்போது வரும்?

நோர்வேக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் சுமார் 3 மணி நேரம் வடக்கே போனால், ஒரு மலையைக் குடைந்து −18 டிகிரி குளிரில் உலகத்துப் பயிர் விதைகளை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் திறந்தது. இப்போது 13 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருக்கின்றன. ஐதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் அனுப்பியவை மட்டும் 1 லட்சத்துக்கு மேல். நாம் சாம்பாருக்குப் போடும் துவரையும் அதில் உண்டு.

நோர்வே செய்திருப்பது நல்ல காரியம். ஆனால் அது ஒரு பேக்கப். நம்மில் ஐடி வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேக்கப் பத்திரமாக இருப்பது வேறு, யூசர் கையில் சாஃப்ட்வேர் போய்ச் சேர்வது வேறு. துவரை விஷயத்தில் நம் ஊரில் உடைந்து கிடப்பது இரண்டாவதுதான்.

என் சித்தப்பாவுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் 2 ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம். நிலக்கடலையோடு துவரை போடுவார். போன கார்த்திகையில் வீடியோ காலில் வயலைக் காட்டினார். "ஆளுயரம் வளந்து பச்சையா நிக்குதுப்பா. எல சிறுத்துப் போச்சு, பூவே வரல" என்றார். இதற்கு மலட்டுத் தேமல் நோய் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தி வகைப் பூச்சி பரப்பும் வைரஸ். செடி சாகாது, காய்க்கவும் செய்யாது. விதை எங்கே வாங்கினார் என்று கேட்டேன். பக்கத்து டவுன் கடையில், அட்டையோ சீலோ இல்லாத பையில். "நல்ல ரகம்னு சொன்னாங்க" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

நெல்லில் ஒரு போகம் போனால் அடுத்த போகம் பார்க்கலாம். நீண்ட கால துவரை கிட்டத்தட்ட 6 மாதப் பயிர். ஆடியில் விதைத்தால் தையில்தான் அறுவடை. விதை சரியில்லை என்பது தெரியும்போது மழையும் போயிருக்கும், வருஷமும் போயிருக்கும். வீட்டுக்கு வேண்டிய பருப்பும், பொங்கலுக்குக் கையில் வரும் கொஞ்சம் காசும் சேர்ந்தே போய்விடும்.

இந்த நோயைத் தாங்கும் ரகம் இல்லையா என்றால், இருக்கிறது. இக்ரிசாட் உருவாக்கிய 'ஆஷா' ரகம் வாடல் நோய், மலட்டுத் தேமல் இரண்டையும் தாங்கும். அது வெளிவந்தது 1993-இல். வாடலைத் தாங்கும் 'மாருதி' அதற்கும் முன்பு, 1986-இல். தமிழ்நாட்டுக்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 6, கோ 8 போன்ற நீண்ட கால ரகங்களும், புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் குறுகிய கால ரகங்களும் இருக்கின்றன. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள்.

பிறகு ஏன் சித்தப்பா கைக்கு வரவில்லை? மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, லாபம். துவரை ரகத்தை விவசாயி தன் அறுவடையிலிருந்தே எடுத்து மறுபடி விதைக்கலாம். ஒருமுறை வாங்கினவர் அடுத்த வருஷம் கடைக்கு வரமாட்டார். அதனால் பெரிய விதைக் கம்பெனிகளுக்குப் பருத்தி, மக்காச்சோளம், காய்கறி ஹைப்ரிட் விதைகளில் இருக்கும் ஆர்வம் இதில் இல்லை.

இரண்டாவது, தேனீ. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். துவரைப் பூவைத் தேனீக்கள் தேடி வரும், பக்கத்து வயல் மகரந்தம் கலந்துவிடும். அதனால்தான் சான்று விதை எடுக்கும் வயலுக்கும் வேறு ரகத் துவரை வயலுக்கும் நடுவே குறைந்தது 100 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். வீட்டு விதையையே வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் ரகத்தின் குணம் கரைந்துபோகும். 3 வருஷத்துக்கு ஒருமுறையாவது புது விதை வேண்டும்.

மூன்றாவது, நேரம். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று ஒவ்வொரு படியாகப் பெருக்கி வர வருஷங்கள் ஆகும். எந்த ரகம் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் ஆடி முதல் மழைக்கு டிப்போவில் கேட்ட ரகம் இருக்காது. ஈரம் காய்வதற்குள் விவசாயி கிடைத்ததை வாங்கிப் போடுவார்.

இதே சிக்கல் நோர்வேக்கும் உண்டு. இங்கே கோடை குறுகியது, சந்தை சின்னது. நோர்வே குளிருக்கென்று பார்லி ரகம் உருவாக்கினால் எந்தப் பன்னாட்டுக் கம்பெனிக்கும் பெரிய லாபம் வராது. அதற்காக இவர்கள் சும்மா இருக்கவில்லை. கிராமினோர் என்ற பயிர் ரக நிறுவனத்தில் அரசும் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்புகளும் பங்குதாரர்கள். விதையை விற்பதிலும் விவசாயிகளின் சொந்தக் கூட்டுறவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் இன்னொன்றும் அறிவித்தார்கள்: நாட்டில் விற்கும் விதையின் மதிப்பில் 0.1 சதவீதத்துக்குச் சமமான தொகையை ஆண்டுதோறும் சர்வதேச விதை ஒப்பந்தத்தின் நிதிக்குக் கொடுப்பது. வளரும் நாட்டுச் சிறு விவசாயிகளுக்கான நிதி அது. சந்தை கவனிக்காத விதையை அரசும் விவசாயியும் சேர்ந்து கவனிக்கலாம் என்பதுதான் இங்கே நான் பார்த்த பாடம்.

இந்திய அரசு 2025 அக்டோபரில் ₹11,440 கோடியில் பயறு தற்சார்பு இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. 88 லட்சம் இலவச விதைப் பைகள் தருவதாகத் திட்டம். வரவேற்கலாம். ஆனால் இலவசப் பை ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷ விதைக்கு ஊரிலேயே வழி வேண்டும்.

அந்த வழி பெரிய செலவில்லை. கணக்கைப் பாருங்கள். தனிப்பயிராக ஒரு ஏக்கருக்குச் சுமார் 5 கிலோ விதை. அரை ஏக்கரில் சான்று விதை போட்டு, கலப்புச் செடிகளைப் பிடுங்கி, கவனமாக வளர்த்து 150 கிலோ எடுத்தால், அடுத்த ஆடிக்கு 30 ஏக்கருக்கு விதை தயார். ஊடுபயிர் என்றால் இன்னும் அதிக நிலத்துக்கு வரும். நன்றாகக் காயவைத்து, வண்டு விழாமல் பாதுகாக்க நம் பாட்டிமாருக்கே தெரியும். சட்டமும் தடுக்கவில்லை. பிராண்டு பெயர் போடாமல் விதையைச் சேமிக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கஷ்டம் வேறு இடத்தில். சுற்றியிருக்கும் நாலு வயல்காரர்கள் ஒரே ரகம் போட ஒப்புக்கொள்ள வேண்டும். விதை வயல்காரருக்கு மார்க்கெட் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, அறுவடை அன்றே வாங்கி வைக்க ஒரு சுழல்நிதி வேண்டும். இல்லையென்றால் தைப்பொங்கல் செலவுக்கு விதை பருப்பாகி மில்லுக்குப் போய்விடும்.

அந்தச் சுழல்நிதிதான் வெளிநாட்டில் இருக்கும் நாம் செய்யக்கூடியது. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் ஊர்ச் சங்கங்கள் வழியாகப் பணம் அனுப்புகிறோம். அரை ஏக்கர் விதை வயலுக்கு வேண்டிய சான்று விதையின் விலை, ஒஸ்லோவில் ஒரு பீட்சாவைவிடக் குறைவு. 150 கிலோவை வாங்கி வைக்கும் பணத்தையும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் போட்டுவிடலாம். விதை விற்றதும் அது அடுத்த வருஷத்துக்குத் திரும்பி வரும். உள்ளூர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று கணக்கை வைத்துக்கொண்டால் போதும்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. உழவன் செயலியில் வட்டார விதை இருப்பைப் பார்க்கலாம். சித்திரையிலேயே பார்த்து ஊருக்குச் சொன்னால் ஆடியில் அலைய வேண்டியதில்லை.

ஊருக்குப் போன் போட்டதும் "மழை பெஞ்சுதா?" என்றுதான் கேட்கிறோம். இனி அதோடு இன்னொன்றும் கேட்போம்: "வெதைப் பையில நீல அட்டை இருந்துச்சா?"