வாரத்திற்கு இரண்டே மணி நேரம்: கல்லூரிக் காற்பந்துக் காணொளி விளையாட்டில் திறன் வளர்ப்பது எப்படி?

காற்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது காலால் உதைத்து வலைக்குள் பந்தை அனுப்பும் ஆட்டம். அமெரிக்கர்களுக்கு அந்தச் சொல் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள்கவசம், நொடிக்கு நொடி மோதல். தொழில்முறை ஆட்டங்களுக்கு நிகராகக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களையும் அங்கே கொண்டாடுகிறார்கள். பருவம் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அரங்குகள் நிரம்பி வழியும்.

அந்தக் கல்லூரி ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ‘இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25’ என்ற காணொளி விளையாட்டு 2024 ஜூலையில் வெளிவந்தது. 134 பல்கலைக்கழக அணிகள் அதில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு 26ஆம் பதிப்பும் வந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நானும், சாதாரண நிலைத் தேர்வு எழுதவிருக்கும் என் தம்பியும் வீட்டில் சேர்ந்து ஆடும் விளையாட்டு இதுதான்.

அம்மா விதித்த நிபந்தனை ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் மட்டும். தம்பியின் மதிப்பெண் இறங்கினால் விளையாட்டுச் சாதனம் ஆண்டு முழுவதும் அலமாரிக்குள் போய்விடும். இணையத்தில் எங்களை எதிர்த்து ஆடுவோரில் பலர் நாள்தோறும் பல மணி நேரம் ஆடுபவர்கள். வாரத்திற்கு இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா? முடியும் என்பதுதான் எங்கள் அனுபவம்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

ஒவ்வோர் அணியிலும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ‘டச்டவுன்’, ஆறு புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒரு புள்ளி. தூரத்திலிருந்து நேரடியாக உதைத்துப் பெறும் ‘ஃபீல்டு கோல்’ மூன்று புள்ளிகள்.

கல்லூரி ஆட்டத்துக்கென்று சில தனி விதிகள் உண்டு. பந்தைப் பிடிப்பவரின் ஒரு கால் எல்லைக்குள் இருந்தால் போதும். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டு காலும் உள்ளே இருக்கவேண்டும். பந்துடன் ஓடுபவர் தானாகவே தடுக்கி விழுந்து முழங்கால் தரையில் பட்டாலும் அந்த வாய்ப்பு முடிந்துவிடும். தொழில்முறை ஆட்டத்தில் எதிரணி அவரைத் தொடாதவரை எழுந்து ஓடலாம். மேடன் விளையாட்டில் பழகியவர்கள் இந்த வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பத்தே திட்டங்கள் போதும்

ஒவ்வோர் அணிக்கும் நூற்றுக்கணக்கான ஆட்டத் திட்டங்கள் விளையாட்டில் கொடுக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால் எதுவும் கைக்குள் வராது. நாங்கள் ஒரே அணியைத் தேர்ந்தெடுத்தோம். அதிலிருந்து நான்கு ஓட்டத் திட்டங்கள், ஆறு பந்து வீச்சுத் திட்டங்கள் என மொத்தம் பத்தை மட்டும் ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொண்டோம்.

ஒவ்வொரு திட்டத்திலும் யார் எங்கே ஓடுகிறார், எத்தனை விநாடிக்குப் பிறகு அவருக்கு இடைவெளி கிடைக்கிறது என்பதைத் திரையைப் பார்க்காமலேயே சொல்லும்வரை பழகினோம். புதிதாகத் தொடங்குவோர் ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் போன்ற வலுவான அணியை எடுத்துக்கொள்ளலாம். கடற்படைக் கல்விக்கழகமான நேவியின் அணி சுவையானதுதான். ஆனால், அதன் ஆட்டமுறை பெரும்பாலும் யாரிடம் பந்தைக் கொடுப்பது என்பதை ஓடும்போதே முடிவு செய்யும் முறை. அதற்குக் கொஞ்சம் அனுபவம் தேவை.

பந்து கைக்கு வருவதற்குமுன் பாருங்கள்

எங்கள் ஆட்டத்தை அதிகம் மாற்றிய பழக்கம் இதுதான். பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வந்தபின் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடிகள். அதற்குள் 11 எதிராளிகளையும் பார்க்க முடியாது. ஆகவே, முன்கூட்டியே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறோம்.

முதல் கேள்வி: பின்வரிசையின் ஆழத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஒருவர் மட்டும் நடுவில் நின்றால், ஓரங்களில் குறுகிய வீச்சுக்கு வாய்ப்பு அதிகம். இருவர் பிரிந்து நின்றால், அவர்களுக்கு நடுவிலுள்ள பகுதியைக் குறிவைக்கலாம். ஒருவருமே இல்லையென்றால் பலர் நம்மை நோக்கிப் பாயப்போகிறார்கள் என்று பொருள். பந்தை விரைவாகக் கைமாற்ற வேண்டும்.

இரண்டாம் கேள்வி: அவர்கள் ஆளைக் காக்கிறார்களா, இடத்தைக் காக்கிறார்களா? ஆட்டம் தொடங்குமுன் நம் வீரர் ஒருவரைக் குறுக்கே நடக்கவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். எதிரணி வீரர் ஒருவர் கூடவே வந்தால் ஆளைக் காக்கிறார்கள். எவரும் நகராவிட்டால் இடத்தைக் காக்கிறார்கள்.

மூன்றாம் கேள்வி: பந்துக்கு அருகில் எத்தனை பேர் குவிந்திருக்கிறார்கள்? ஆறு பேர் அல்லது அதற்கும் குறைவு என்றால் ஓடலாம். ஏழெட்டுப் பேர் என்றால் பின்னால் இடம் காலியாக இருக்கும், வீசலாம்.

ஒரே ஒருவரைப் படியுங்கள்

கல்லூரி ஆட்டத்தின் உயிர்நாடி ‘ரீட் ஆப்ஷன்’ எனும் முறை. இதில் எதிரணியின் ஓர வீரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் நீட்டியபடியே அந்த ஒருவரை மட்டும் கவனிப்பார். அவர் ஓட்டக்காரரை நோக்கிப் பாய்ந்தால், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவர் விட்டுச்சென்ற வழியாக ஓடுவார். அவர் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துவிடுவார்.

திரையில் எவ்வளவோ நடக்கும்போது ஒரே ஒருவர்மீது கண்வைப்பது எளிதன்று. அதனால் இதைப் பயிற்சிக் களத்தில் தொடர்ந்து 20 முறை செய்து பார்ப்போம். தம்பி ஆடுவான், நான் பின்னாலிருந்து “கொடு” அல்லது “வை” என்று மட்டும் சொல்வேன். அடுத்த சுற்றில் நான் வாய் திறக்கமாட்டேன்.

விரலுக்கும் வேலை உண்டு

வீசும் பொத்தானை லேசாகத் தட்டினால் பந்து உயரமாக வளைந்து போகும். அழுத்திப் பிடித்தால் நேராக விரைந்து போகும். எதிராளியின் தலைக்குமேல் அனுப்ப வேண்டுமா, இருவருக்கு இடையே செலுத்த வேண்டுமா என்பதைப் பொறுத்து விரல் மாற வேண்டும்.

ஓட்டத்தில் வேகப் பொத்தானைத் தொடக்கத்திலிருந்தே அழுத்தவேண்டியதில்லை. முன்னால் போகும் நம் வீரர்கள் வழி உண்டாக்கும்வரை பொறுத்து, இடைவெளி தெரிந்தபின் அழுத்துவதே பலன் தரும். வீச ஆள் கிடைக்காவிட்டால் பந்தை எல்லைக்கு வெளியே எறிந்துவிடலாம். ஒரு வாய்ப்பு வீணானாலும் பந்து நம்மிடமே இருக்கும்.

தற்காப்பில், முன்வரிசை வீரரை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்பேக்கைத் துரத்தத்தான் பலருக்கும் ஆசை. அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிடுங்கள். நடுப்பகுதியில் நிற்கும் வீரரைக் கையில் எடுத்து, எதிராளி அதிகம் குறிவைக்கும் இடத்தை அடைத்து நில்லுங்கள். அதே இடத்தில் பந்து இரண்டு முறை தடுக்கப்பட்டால் எதிராளி தம் திட்டத்தையே மாற்ற நேரிடும்.

கூச்சலுக்கும் தயாராகுங்கள்

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டு அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். சிங்கப்பூரின் தேசிய விளையாட்டரங்கில் 55,000 இருக்கைகள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அளவு புரியும். அங்கு எழும் கூச்சலையும் விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள். எதிரணியின் அரங்கில் சத்தம் உச்சத்துக்குப் போகும்போது திரை அதிரும். யார் எங்கே ஓடவேண்டும் என்று காட்டும் கோடுகள் கோணல்மாணலாகிவிடும்.

பத்துத் திட்டங்களையும் மனப்பாடம் செய்ததன் பயன் அப்போது தெரியும். கோடுகள் குழம்பினாலும் மனத்திலுள்ள படம் குழம்பாது. தேர்வறையில் பதற்றம் கூடும்போதும் இதே நிலைதானே?

இரண்டு மணி நேரத்தைப் பிரிக்கும் முறை

முதல் 30 நிமிடங்கள் பயிற்சிக் களம். அன்றைக்கு ஒரே ஒரு திறன். அடுத்த 75 நிமிடங்கள் ஆட்டம். கடைசி 15 நிமிடங்கள் சாதனத்தை அணைத்துவிட்டுக் குறிப்பேடு. எந்தத் திட்டம் எத்தனை முறை பலித்தது, பந்தை எப்போது இழந்தோம் என்று எழுதிவைப்போம். அடுத்த வாரம் எதைப் பயிலவேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பன்று. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993ஆம் ஆண்டு தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், பெர்லினில் பயின்ற வயலின் மாணவர்களின் பயிற்சிமுறையை ஆராய்ந்தார். குறையைக் குறிவைத்து, முழுக் கவனத்தோடு தனியாகச் செய்யும் பயிற்சிக்கு அவர் முக்கியத்துவம் கொடுத்தார். நன்றாக வரும் பாடலையே திரும்பத் திரும்ப வாசிப்பது இனிமையாக இருக்கும், திறன் கூடாது.

விளையாட்டில் ஃபிரெஷ்மன், வார்சிட்டி, ஆல்-அமெரிக்கன், ஹைஸ்மன் என நான்கு கடின நிலைகள் உண்டு. நாங்கள் இப்போது மூன்றாம் நிலையில் பெரும்பாலும் வெல்கிறோம். ஹைஸ்மன் நிலையில் இன்னும் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். தம்பி அதே குறிப்பேட்டு முறையைக் கணிதத்துக்கும் கொண்டுபோயிருக்கிறான். வராத கணக்குகளுக்கு மட்டும் தனிப் பக்கம். சென்ற பள்ளித் தேர்வில் கணிதத்தில் ஒரு தரம் உயர்ந்தான். சாதனம் இன்னும் அலமாரிக்குள் போகவில்லை.

சட்டையில் இருக்கும் பெயர்

“நம்ம ஊர்ல யாரும் ஆடாத ஆட்டத்தை எதுக்கும்மா இப்படிப் படிக்கிற?” என்று அப்பா ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தின் மோதலற்ற வடிவமான ‘ஃபிளாக் ஃபுட்பால்’ இடம்பெறவிருக்கிறது என்று சொன்னேன். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னேன்.

இந்த விளையாட்டின் முந்தைய பதிப்பு 2013இல் வந்தது. அதன்பின் 11 ஆண்டுகள் புதிய பதிப்பே இல்லை. காரணம் நீதிமன்ற வழக்குகள். பழைய பதிப்புகளில் மாணவ வீரர்களின் பெயர் இருக்காது. ஆனால், அதே சட்டை எண், அதே உயரம், அதே ஆட்ட நிலையுடன் அவர்களைப் போன்ற உருவங்கள் இருந்தன. அதற்காக மாணவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், முன்னாள் குவார்ட்டர்பேக் சாம் கெல்லர் ஆகியோர் 2009இல் வழக்குத் தொடுத்தனர். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், உருவம் ஆகியவற்றைக் கொண்டு வருமானம் ஈட்ட 2021இல் வழி பிறந்தது. 2024 பதிப்பில் இடம்பெறச் சம்மதித்த ஒவ்வொரு மாணவருக்கும் 600 அமெரிக்க டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் வழங்கப்பட்டன.

அந்தத் தொகை போதுமா என்பது வேறு விவாதம். ஆனால், திரையில் ஓடும் அந்த வீரர்கள் நம் வயதினர். காலையில் விரிவுரை, மாலையில் பயிற்சி என்று இருப்பவர்கள். தங்கள் பெயர் தங்களுக்கே உரியது என்பதை நிலைநாட்ட முன்னோர் சிலர் பல ஆண்டுகள் போராடினர். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டபின் சட்டையில் உள்ள பெயரைப் படிக்காமல் நான் எந்த ஆட்டத்தையும் தொடங்குவதில்லை.

இந்த விளையாட்டு உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் ஆடும் விளையாட்டு, வாசிக்கும் இசைக்கருவி, தடுமாறும் பாடம் எதுவாகவும் இருக்கட்டும். வரும் சனிக்கிழமை ஒரு குறிப்பேட்டை எடுங்கள். கைக்கு வராத ஒன்றை மட்டும் அதில் எழுதுங்கள். முதல் 30 நிமிடங்களை அதற்கே கொடுங்கள்.