பத்து முறை எழுதியும் வராத எழுத்து

“கேட்டா எல்லாம் சொல்றான் டீச்சர், எழுதச் சொன்னாதான் ஒண்ணும் வரல.” பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அம்மாக்கள் தயங்கித் தயங்கிச் சொல்வது இது. பதில் தயாராக இருக்கும்: “விளையாட்டுப் புத்தி. வீட்ல பத்து தடவை எழுத வைங்க.” அன்றிரவு இம்போசிஷன். மறுநாள் அதே பிழை. மூன்றாம் நாள் அடி.

1896இல் பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் சூட்டிகையான அவனால் சின்னச் சின்னச் சொற்களைக்கூடப் படிக்க முடியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அவனுக்கு இருந்ததைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். எழுதுவதில் வரும் சிக்கல் டிஸ்கிராஃபியா, கணக்கில் வருவது டிஸ்கால்குலியா. இவற்றுக்குப் பொதுப்பெயர் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எதைக் கவனிப்பது?

ல, ள, ழ மயக்கம் பெரியவர்களுக்கே உண்டு. அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டியே படிப்பது, முதலெழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வது, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி வரியாக விட்டுப்போவது ஆகியவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கவனியுங்கள். தமிழில் ‘கெ’யின் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தை இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றன. கூடப் படிப்பவர்கள் இந்த முன்பின்னைத் தாண்டிப் போன பிறகும் உங்கள் பிள்ளை அங்கேயே நின்றால், அதுவும் ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

“அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்” என்று வீட்டில் யாராவது சமாதானம் சொல்வார்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய ஒன்று. ஆகவே அந்தப் பேச்சு, சும்மா இருப்பதற்கல்ல, சீக்கிரம் பரிசோதிப்பதற்கே காரணம்.

தள்ளிப்போட்டால்?

‘சோம்பேறி’, ‘மக்கு’ என்று தினமும் கேட்கும் பிள்ளை அதை நம்பத் தொடங்கிவிடும். பள்ளி கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, நோட்டை ஒளித்து வைப்பது, வீட்டுப்பாடமே இல்லை என்ற பொய் என்று வளர்ந்து, பள்ளியையே வெறுப்பதில் போய் நிற்கும். இன்னோர் ஆபத்து, குறுக்கு வழி விற்பவர்கள். டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரை கிடையாது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித்தரும் பயிற்சியே கைகொடுக்கும்.

சட்டம் தரும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இதைச் சீக்கிரமே கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது பிரிவு 16. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பிரிவு 17 குறிப்பிடுகிறது. தமிழகப் பொதுத்தேர்வுகளிலும் கூடுதல் ஒரு மணி நேரம் உள்ளிட்ட சலுகைகள் நடைமுறையில் உள்ளன. சலுகை என்பது வழக்குச் சொல்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வெழுதுவது எப்படியோ, இதுவும் அப்படியே.

பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17இல் தடைசெய்கிறது. வகுப்பின் முன் நிறுத்தி ‘மக்கு’ என்பதும் துன்புறுத்தலே.

எங்கே போவது?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடலாம். அடுத்து, தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து, தேதியிட்ட நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் ஆலோசனை கிடைக்கும்.

நுண்ணறிவுச் சோதனையும் கற்றல் திறன் சோதனையும் செய்து உறுதிப்படுத்துவது பொதுவாக 8 வயதையொட்டி நடக்கும். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். தனியார் நிபுணரின் அறிக்கை பயிற்சிக்கு உதவும். தேர்வுச் சலுகைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திருந்து கடைசி மாதத்தில் அலையாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே கையில் வைத்திருங்கள்.

பள்ளி மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை முதல் முறை மீறினாலே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிள்ளையை அடித்தாலோ துன்புறுத்தினாலோ 1098ஐ அழையுங்கள்; கல்வி தொடர்பான வழிகாட்டலுக்குத் தமிழக அரசின் எண் 14417.

வீட்டில்

ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, இருபது நிமிடப் படிப்பும் சிறு இடைவேளையும் மேல். தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தின் இந்தப் பழக்கத்தைச் சிறப்பு ஆசிரியர்கள் இன்றும் கையாள்கிறார்கள்.

இன்றிரவு அந்தப் பத்து முறையை விட்டுவிடுங்கள். சமூக அறிவியலில் ஒரு பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு, கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். பதில்கள் சரியாக வந்து, நோட்டில் மட்டும் பிழையாக இருந்தால், அந்த இடைவெளியைக் குறித்து வையுங்கள். தலைமையாசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்தின் முதல் வரி அதுதான்.