கை போனது, எழுத்து நின்றது: பாக்தாத் அமைச்சர் இப்னு முக்லாவுக்கும் பெரியபட்டினம் கரைக்கும் என்ன தொடர்பு?

ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினம், கீழக்கரை பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால், பழுப்பேறிய ஒரு புத்தகம் கையில் சிக்கலாம். பார்த்தால் அரபி. வாசித்தால் தமிழ்! 'அர்வி' என்று அழைக்கப்படும் அரபுத்தமிழ் அது. பாட்டிமார் சரளமாக வாசித்த எழுத்து. இன்று பேரப்பிள்ளைகள் அதை போனில் படம் பிடித்து, "இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்கும் நிலை.

அந்த எழுத்தின் வளைவுக்கும் அளவுக்கும் பின்னால் ஒருவருடைய கதை இருக்கிறது. பாக்தாத்தில் மூன்று முறை தலைமை அமைச்சராக இருந்தவர். கடைசியில் வலது கை வெட்டப்பட்டு, சிறையிலேயே இறந்தவர். பெயர் இப்னு முக்லா.

யார் இவர்?

9ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பாக்தாத்தில் பிறந்தவர். ஈரானின் ஃபார்ஸ் பகுதியில் வரி வசூலிக்கும் அதிகாரியாக வேலையைத் தொடங்கினார். அங்கிருந்து படிப்படியாக ஏறி, அப்பாஸிய கலீஃபாக்களின் அரசவைக்கு வந்தார். 928 முதல் 936 வரையிலான எட்டு ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று கலீஃபாக்களிடம் வஸீர், அதாவது தலைமை அமைச்சர். நடுநடுவே பதவி பறிப்பு, தண்டம், தலைமறைவு எல்லாம் உண்டு. அன்றைய பாக்தாத் அரசியல் அப்படி.

எழுத்தில் என்ன செய்தார்?

அதற்கு முன் குர்ஆன் பிரதிகளில் பெரிதும் இருந்தது 'கூஃபி' எழுத்து. கோணமும் கனமுமாக, தோலில் எழுதப்பட்டது. பிறகு காகிதம் வந்தது. அரசு அலுவலகங்களில் கடிதமும் கணக்கும் குவிந்தன. வேகமாக எழுத வேண்டும், யார் எழுதினாலும் எல்லோருக்கும் புரிய வேண்டும். ஆளுக்கு ஒரு கையெழுத்து என்றால் நிர்வாகம் என்னாவது?

இதற்கு இப்னு முக்லாவின் பெயரால் சொல்லப்படும் தீர்வு ரொம்ப எளிமையானது. நாணல் பேனாவின் முனையைக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அதுதான் அளவுகோல். 'அலிஃப்' என்ற நேர்கோட்டு எழுத்து இத்தனை புள்ளி உயரம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த அலிஃபையே விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட வேண்டும். மற்ற எழுத்துகளின் வளைவெல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கும்.

இதில் என்ன வசதி? பேனா மெல்லியது என்றால் புள்ளி சிறிதாகும், கூடவே எழுத்தும் அதே விகிதத்தில் சிறிதாகும். இன்று போனில் எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைத்தாலும் அதன் வடிவம் மாறுவதில்லை அல்லவா? அதே விகிதக் கணக்கைக் கையால் எழுதும் காலத்தில் யோசித்திருக்கிறார்கள்.

கை ஏன் வெட்டப்பட்டது?

936இல் இப்னு ராயிக் என்ற ராணுவத் தலைவர் அதிகாரத்தைக் கைப்பற்றினார். கலீஃபா பெயரளவுக்குத்தான். இப்னு முக்லாவின் சொத்துகள் பறிமுதலாயின. அவர் சும்மா இருக்கவில்லை. ராயிக்கைக் கவிழ்க்க ரகசியமாகக் காய் நகர்த்தினார். விஷயம் வெளியே வந்தது. தண்டனையாக வலது கை வெட்டப்பட்டது. குர்ஆனைப் படியெடுத்த கையைத் திருடனின் கையைப் போல வெட்டிவிட்டார்களே என்று அவர் புலம்பியதாகச் சொல்வார்கள். வெட்டுப்பட்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு தொடர்ந்து எழுதினார் என்பதும் அவரைப் பற்றிய பழைய செய்தி. பிறகு நாக்கும் அறுக்கப்பட்டது. 940இல் சிறையில் உயிர் போனது.

இவர் கைப்பட எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு தாள்கூட இன்று இல்லை. ஆனால் முறை பிழைத்தது. இப்னு அல் பவ்வாப் அதை மெருகேற்றினார். அவர் 1000-1001இல் எழுதிய குர்ஆன் இப்போது டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அடுத்து வந்தவர் யாக்கூத் அல் முஸ்தஃஸிமி, கடைசி பாக்தாத் கலீஃபாவின் அரசவை எழுத்தர். 1258இல் மங்கோலியர் நகரைச் சூறையாடியபோது, பள்ளிவாசல் மினாராவில் ஒளிந்து உயிர் தப்பியவர் என்பார்கள்.

நம் கரைக்கு எப்படி வந்தது?

யாக்கூத் வாழ்ந்த அதே காலத்தில் பாண்டியர் துறைமுகங்களில் அரபுக் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. குலசேகர பாண்டியனின் அரசவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற அரபு வணிகக் குடும்பத்தவர் அமைச்சராக இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். கப்பலிலேயே செத்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுத்தது. அவருடைய பொறுப்பில் இருந்த துறைமுகங்களில் ஒன்று 'ஃபத்தன்'. அது பெரியபட்டினமாக இருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. இங்கே நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

இவ்வளவு வியாபாரம் நடந்தால் கடிதமும் கணக்கும் கூடவே வரும். மார்க்கக் கல்வியும் வந்தது. அரபியில் 28 எழுத்துகள்தான். ப, ட, ங, ள போன்ற தமிழ் ஒலிகளுக்கு அதில் இடமில்லை. அதனால் இருக்கும் எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புது எழுத்துகளை உருவாக்கிக்கொண்டார்கள். அதுதான் அர்வி. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இதில் எழுதிய நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வாசிக்கப்பட்டன. கல்லச்சு வந்த பிறகும் எழுத்தர் கையால் எழுதியதே அப்படியே அச்சானது.

இப்போது என்ன?

தமிழ் எழுத்துப் பள்ளிக்கூடங்கள் பெருகியபோது அர்வியின் தேவை குறைந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் முதியவர்கள். அமைச்சரின் கையோடு போகாத எழுத்து, நம் வீட்டுப் பரணில் கரையானுக்குப் போகலாம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பாட்டியோ பெரியம்மாவோ இருக்கும்போதே நாலு பக்கம் வாசிக்கச் சொல்லி, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.