அறுபது நாள் வேறு, இரண்டு மாதம் வேறு

பொங்கலுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறித் தெற்கே போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் கணக்கு ஒன்று உண்டு: பயணத்துக்கு 60 நாள் முன்னதாக, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 2024 அக்டோபர் வரை அது 120 நாள். 2026 ஜனவரி 14 பயணத்துக்கு அந்த நாள் 2025 நவம்பர் 15. நிரல் எழுதுபவர் 60 நாளுக்குப் பதில் இரண்டு மாதம் என்று கழித்துவிட்டால் நவம்பர் 14 வரும். காத்திருப்போர் பட்டியல் நிமிடங்களில் நீளும் நாளில் இது சிறிய பிழை இல்லை.

நாளை எண்ணலாம், மாதத்துக்கு நிலையான நீளம் கிடையாது. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் ஜாவாவின் தேதி நூலகம் பிப்ரவரிக் கடைசியில் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் மார்ச்சுக்குள் போய்விடும்.

கால இடைவெளியைக் கணக்கிடப் பல நிரல்கள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய வினாடிகளை எண்ணுகின்றன. எண்ணிக்கை தொடங்கிய அந்த நொடியில் தாம்பரத்தில் காலை 5.30. வாக்கியப் பஞ்சாங்கக் கணிதர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணி வந்ததும் இதே உத்திதான். எழும்பூரில் இரவு 11.50-க்குக் கிளம்பும் வண்டி தாம்பரத்துக்கு 12.20-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணியை மட்டும் கழித்தால் மைனஸ் இருபத்து மூன்றரை மணி நேரம் வரும். தேதியையும் சேர்த்து ஒற்றை எண்ணாக்கிக் கழித்தால் அரை மணி.

ஆனால் எல்லாத் தேதியையும் இப்படி நொடியாக்கக் கூடாது. ஆகஸ்ட் 15-இல் பிறந்த குழந்தையின் தேதியை நம்மூர் நள்ளிரவாகச் சேமித்து, உலகப் பொது நேரத்தில் இயங்கும் கணினியில் திறந்தால் அது ஆகஸ்ட் 14 மாலை 6.30. படிவத்தில் 14 என்றே அச்சாகும். நம் நாட்டு மென்பொருள்களில் அடிக்கடி தலைகாட்டும் பிழை இது. பிறந்த தேதி வெறும் தேதியாகவே இருக்கட்டும், அதோடு மணியை ஒட்ட வேண்டாம்.

உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இந்த ஐந்தரை மணி வித்தியாசமும் என்றைக்கும் இருந்ததல்ல. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை ஒட்டிய சென்னை நேரத்தில்தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடின. கிரீன்விச்சை விட அது சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியச் சீர்நேரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, 1945 அக்டோபரில் பழையபடி திருப்பினார்கள். உலகக் கணினிகள் பகிரும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் ‘ஆசியா/கொல்கத்தா’ என்ற பெயரின் கீழ் இவை அத்தனையும் பதிவாகியுள்ளன. பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஐந்தரையைக் கையால் கூட்டாமல் இந்தப் பெயரைக் கொடுத்தால், 1945-இன் கணக்கும் சரியாகவே வரும்.