உயிரின் பிறப்புக்குக் கிரேக்கப் பெயர். அந்தப் பிறப்பின் கதைக்குள் காங்கேயத்துக் கல் வந்தது எப்படி, தெரியுமா?

அபயோஜெனிசிஸ்! உயிரற்ற பொருளிலிருந்து முதல் உயிர் பிறந்ததற்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர் இதுதான். முழுக்க முழுக்கக் கிரேக்கம். 'பயோஸ்' என்றால் உயிர், 'ஜெனிசிஸ்' என்றால் பிறப்பு. முன்னால் நிற்கும் 'அ'? நம் அநீதியிலும் அதர்மத்திலும் வந்து 'இல்லை' என்று சொல்கிறதே, அதற்கு ரத்த உறவு!

1870இல் லிவர்பூல் உரையில் இந்தச் சொல்லை உலகறியச் செய்தவர் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. இன்று உயிரிலிருந்துதான் உயிர் வருகிறது, ஆனால் பூமியின் ஆதிகாலத்தைப் பார்க்க முடிந்தால் உயிரற்றதிலிருந்து உயிர் வருவதைக் காண்போம் என்று அப்போதே எதிர்பார்த்தார் அந்த மனிதர்!

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த ஒருவர் முதல் உயிர் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்குப் பின்னாலேயே போய் நாசாவின் ஆய்வகத்தில் நின்றார், தெரியுமா? இலங்கையின் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லுக்குள் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழு மறு ஆண்டே அறிவித்தது. புரதத்தின் செங்கற்கள், வானத்திலிருந்து!

அந்தச் செங்கற்களில் இருக்கும் கார்பன் எப்படிப் பிறந்தது? அதைச் சொல்ல, இனி நம்ம ஊருக்கு வருவோம். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் படியூர். பனியன் கம்பெனி பஸ்கள் ஓடும் அந்த மண்ணுக்கடியில் பெரில் கல் இருக்கிறது. பென்சில் சீவியதுபோல் ஆறு பட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கடல்தண்ணீர் நிறம். நொய்யல் கரைக் கொடுமணலில் அதைப் பட்டை தீட்டி, ஓட்டை போட்டு மணியாக்கினார்கள். பெரில் இந்தியாவில்தான் கிடைக்கும், வேறெங்கும் அபூர்வம் என்று ரோமாபுரியின் பிளினி எழுதி வைத்திருக்கிறார்!

கிரேக்கர்கள் அதை 'பெரிலோஸ்' என்றார்கள். அது அவர்கள் சொல்லே அல்ல! பிராகிருத 'வேளுரிய'விலிருந்து போனது. நம் வைடூரியமும் அதே குடும்பம். அறிவியலுக்குக் கிரேக்கம் கொடுத்த பெயர்களில் ஒன்று இங்கிருந்து கப்பலேறியது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறோமா? சொல்ல வேண்டும்!

1798இல் வேதியியலாளர் வோக்லின் அந்தக் கல்லில் புதுத் தனிமத்தைக் கண்டார். அதுதான் பெரிலியம். இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த விண்மீனின் நடுவில் இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8. படியூர்க் கல்லில் இருப்பது நிலையான பெரிலியம்-9. பெரிலியம்-8ஓ, ஒரு நொடியைக் கோடிகோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறுநேரம்கூட நிற்காது. உடைவதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து மோதினால்தான் கார்பன். நம் உடம்பிலும், காங்கேயம் காளையின் திமிலிலும், மர்ச்சிசன் கல்லின் அமினோ அமிலத்திலும் இருக்கிற கார்பன் இந்த வழியாகத்தான் பிறந்தது!