முழுப் புத்தகம் ஏன் திறக்கவில்லை?

கூகுள் புக்ஸ் தளத்தில் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடுகிறீர்கள். ஒரு புத்தகம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திறக்கிறது. டவுன்லோட் செய்யவும் முடிகிறது. அடுத்த புத்தகத்தில் சின்னச் சின்னதாக மூன்று துண்டுகள் மட்டும், அதுவும் வாக்கியம் பாதியில் வெட்டப்பட்டு. இன்னொன்றில் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிரவுசரில் ஏதோ கோளாறு என்று எண்ணி ரெப்ரெஷ் பட்டனை அழுத்திக் கொண்டே இருப்பார்கள். கோளாறு எதுவும் இல்லை. காப்பிரைட் எனப்படும் பதிப்புரிமைதான் குறுக்கே நிற்கிறது.

ஒரு நூலகத்திற்குச் சொந்தமானது புத்தகத்தின் ஒரு பிரதி மட்டுமே. அதை மறுபடியும் பிரதி எடுக்கும் உரிமை எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ இருக்கும். ஹார்வர்டு, மிச்சிகன், ஆக்ஸ்போர்டு போன்ற பெரிய நூலகங்களின் புத்தகங்களை ஸ்கேன் செய்யப் போவதாக கூகுள் 2004-ல் அறிவித்தது. மறு ஆண்டே அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு பத்தாண்டுக்கு மேல் நீண்டது. ஒரு சொல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடிக் காட்டுவது நியாயமான பயன்பாடே என்று 2013-லும், மேல்முறையீட்டில் 2015-லும் தீர்ப்பு வந்தது. 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்க மறுத்துவிட்டது.

தீர்ப்பு கூகுளுக்குச் சாதகமாக அமைய முக்கியக் காரணம் அந்தத் துண்டுகள்தான். ஒரு துண்டு என்பது பக்கத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு. ஒரு சொல்லுக்கு ஒரு புத்தகத்தில் மூன்று துண்டுகளுக்கு மேல் வராது. விதவிதமான சொற்களைக் கொடுத்து, வரும் துண்டுகளை ஒட்டி முழுப் பக்கத்தையும் படித்துவிடலாமே என்று தோன்றும். (எனக்கும் தோன்றியது.) அதற்கும் வழியில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டையும், பத்துப் பக்கத்திற்கு ஒரு முழுப் பக்கத்தையும் நிரந்தரமாக மறைத்து வைத்திருக்கிறார்கள். வழக்குப் போட்டவர்கள் ஆட்களை அமர்த்தி வாரக்கணக்கில் முயன்று பார்த்தும் சுமார் 16 சதவீதம்தான் கிடைத்தது.

சரி, ஒரு புத்தகம் எப்போது முழுமையாகத் திறக்கும்? இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. காந்திஜி மறைந்தது 1948-ல். எனவே அவர் எழுத்துகள் 2009 ஜனவரி முதல் பொதுச் சொத்து. ஆனால் இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஜார்ஜ் ஆர்வெல் 1950-ல் மறைந்தார். 1949-ல் வெளியான அவருடைய '1984' நாவல் இந்தியாவில் 2011-லும், 70 ஆண்டு விதியுள்ள பிரிட்டனில் 2021-லும் பொதுவானது. அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு என்ற கணக்கால் 2045 வரை காத்திருக்க வேண்டும். ஹாத்தி டிரஸ்ட் போன்ற தளங்கள் உங்கள் இன்டர்நெட் இணைப்பு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சில நூல்களைத் திறக்கின்றன அல்லது மூடுகின்றன.

தமிழில் இன்னொரு வழியும் உண்டு. அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிடும். கல்கி மறைந்தது 1954-ல். சட்டக் கணக்குப்படி 2014 முடிய உரிமை இருந்திருக்கும். 1999-லேயே நாட்டுடைமை ஆனதால் 'பொன்னியின் செல்வன்' இன்று மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: பழைய நூல் என்றாலே இலவசம் என்று எண்ண வேண்டாம். திருக்குறளுக்கு உரிமையாளர் இல்லை. அதற்கு அண்மையில் எழுதப்பட்ட உரைக்கு உண்டு. மொழிபெயர்ப்பும் அப்படியே.

மியூசியப் படங்களில் சிக்கல் வேறு. ஓவியம் 300 ஆண்டு பழையது. அதை எடுத்த போட்டோ புதிது. தட்டையான ஓவியத்தை அப்படியே படம் எடுத்தால் புதிய உரிமை பிறக்காது என்று 1999-ல் நியூயார்க் மத்திய நீதிமன்றம் ஒன்று சொன்னது. சிலையை எடுத்தால் அப்படியில்லை. கோணமும் வெளிச்சமும் போட்டோகிராபரின் வேலை என்பதால் அவருக்கு உரிமை வரலாம். ஆகவே மியூசியமே உரிமையை விட்டுக் கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017-ல் சுமார் 3,75,000 படங்களை அப்படித் திறந்துவிட்டது. அங்குள்ள நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020-ல் 28 லட்சம் படங்களைத் தந்தது.

இத்தளங்களில் தேடும்போது 'ஓப்பன் ஆக்சஸ்' என்ற கட்டத்தை டிக் செய்திடுங்கள். படத்தின் அருகே 'பப்ளிக் டொமைன்' அல்லது 'சிசி ஜீரோ' என்று இருந்தால் பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட் முதல் கடை காலண்டர் வரை எதிலும் பயன்படுத்தலாம். 'ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு' என்று இருந்தால் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக் கொண்டு, அச்சிடும் முன் மியூசியத்திற்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள். எதை டவுன்லோட் செய்தாலும் அந்தப் பக்கத்தின் முகவரியையும் தேதியையும் நோட்பேடில் குறித்து அதே போல்டரில் சேவ் செய்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அச்சகத்தில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.